பின்னால் ஆள் இல்லாத ஆடு

நேரில் போய்ப் பார்க்க ஓர் இடமே இல்லாத குழு அது. ஆறு மாணவர்கள், ஐந்து ஊர்கள். அலுவலகம் கிடையாது, ஆய்வகம் கிடையாது, ஆறு பேரும் சேர்ந்து ஒரு டீக்கடையில்கூட நின்றது கிடையாது. ஆடு புலி ஆட்டத்தை வீடியோ கேமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "எங்க சார் வருவீங்க?" என்று சிரித்தாள் குழுவை நடத்தும் பெண். கடைசியில் பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடிக்கே வரச் சொன்னாள். சனிக்கிழமை மாலை நாலு மணி.

மாடியறையில் ஒரு பழைய தையல் மிஷின். அதன் பலகைமேல் மடிக்கணினி. எதிர்ச்சுவரில் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர்; தேதிகளைச் சுற்றிப் பல நிறங்களில் வட்டம். "எல்லார் பரீட்சையும் இதுல இருக்கு சார். ஆளுக்கொரு காலேஜ், ஆளுக்கொரு செமஸ்டர். வேலையப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதத்தான் வாங்கி எழுதினேன்" என்றாள். விளையாட்டை எப்போது முடிப்பது என்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. யாருக்கு எந்த வாரம் கை ஓடாது என்று முதலில் குறித்துக்கொண்டு, மிஞ்சிய வாரங்களில் வேலையை அடுக்கியிருக்கிறார்கள்.

இவள் மூன்றாமாண்டு கணினி அறிவியல். நிரல் எழுத கோவையில் ஒருவன், திருச்சியில் ஒருவன். படம் வரைய தூத்துக்குடியில் இரண்டாமாண்டு படிக்கிற பெண். இசைக்கு யாழ்ப்பாணத்துப் பையன். ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க, திருச்சியிலேயே இன்னொருத்தி. இணையத்தில் நடந்த ஒரு கேம் ஜாமில் பழக்கமானவர்கள். கேம் ஜாம் என்றால் ஒரு வார இறுதிக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கிற பந்தயம். 'லுடம் டேர்' 2002 முதலும் 'குளோபல் கேம் ஜாம்' 2009 முதலும் நடக்கின்றன. வழக்கமான கெடு 48 மணி நேரம். அதில் நன்றாகச் செய்தோமே, பெரிதாக ஒன்று செய்தால் என்ன என்று இறங்கியிருக்கிறார்கள்.

"48 மணி நேரத்துல யாரும் காணாமப் போக மாட்டாங்க சார். நாலு மாசத்துல போவாங்க" என்றாள்.

முதலில் போட்ட திட்டம் பெரிது. முப்பரிமாணத்தில் ஒரு கோயில் மண்டபம், கல்தரையில் செதுக்கிய ஆட்டக் கட்டம், ஊர் ஊராகப் போய் ஆடுகிற கதை. எல்லாருக்கும் மனசில் 'நார்பாகுலர் டிராப்' இருந்திருக்கிறது. அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் செய்த விளையாட்டு அது. அதைப் பார்த்து வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொள்ள, 2007இல் வெளியானது 'போர்ட்டல்'. இந்தக் கதை தெரிந்த மாணவர்களுக்குச் சின்னதாக யோசிக்க வராது. மூன்று வாரம் ஓடியும் திரையில் ஒரு தூண்தான் நின்றது. அப்போது இவள் ஒரு முடிவு எடுத்தாள்: ஞாயிறுதோறும் இரவு 9 மணிக்கு, எந்த நிலையில் இருந்தாலும், யாரும் திறந்து ஆடக்கூடிய ஒரு பில்டு வெளிவர வேண்டும். அந்த வாரமே மண்டபம், ஊர்கள், கதை எல்லாம் 'பிறகு' என்ற பட்டியலுக்குப் போயின. தட்டையான பலகை, மூன்று புலி, பதினைந்து ஆடு. அவ்வளவுதான்.

மடிக்கணினியில், வேலைகளை அட்டைகளாக அடுக்கி வைக்கிற ட்ரெல்லோ பலகையைத் திறந்து காட்டினாள். 'செய்யணும்', 'கையில இருக்கு', 'பார்க்கணும்', 'முடிஞ்சது' என்று நாலு வரிசை. ஏறக்குறைய ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பெயர்.

"ஒரு வேலைக்கு ரெண்டு பேரா?"

பதில் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து ஆட்டக் கட்டத்தை வரைந்தாள். உச்சியிலிருந்து விரியும் கோடுகள், குறுக்குக் கோடுகள், 23 சந்திகள். ஒரு சந்தியில் புளியங்கொட்டை வைத்தாள். "இது ஆடு. பக்கத்துல புலி. ஆட்டுக்கு நேர் பின்னால இருக்கிற இடம் காலியா இருந்தா புலி தாவி வெட்டிரும். அங்க இன்னொரு ஆடு நின்னா ஒண்ணும் பண்ண முடியாது." முதல் பெயர் வேலையைச் செய்பவர். இரண்டாம் பெயர் பின்னால் நிற்பவர். அவர் வேலையில் கைவைக்க வேண்டாம். கோப்பு எங்கே இருக்கிறது, எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்க வேண்டும்.

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. இரண்டாவது மாதத்தில் நிரல் எழுதும் இருவரில் ஒருவன் பதினாறு நாள் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டான். கணினி தானாகப் புலியை ஆடுவதற்கான நிரல் முழுக்க அவன் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. குழுவின் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றவே இல்லை. என்ன ஆச்சு என்று பிறகு கேட்டபோது, காய்ச்சல் என்றானாம்.

"காய்ச்சல் நாலு நாள்தான் சார். மிச்சம் பன்னெண்டு நாளும் வெட்கம்."

ஒரே அறையில் இருந்திருந்தால் மூன்றாம் நாளே யாராவது அவன் முகத்தைப் பார்த்து, 'என்னடா மாட்டிக்கிட்டியா?' என்று கேட்டிருப்பார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு முகம் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளிதான். தாமதம் வெட்கத்தைக் கொண்டுவருகிறது, வெட்கம் இன்னும் தாமதத்தை. அந்தச் சுழலுக்குள் தானாக ஒரு கை நீள வேண்டும் என்பதற்குத்தான் இரண்டாம் பெயர்.

ஐந்து மணிக்கு இணையத்தில், டிஸ்கார்டில் கூடினார்கள். டேட்டா செலவாகும் என்று யாரும் கேமரா போடவில்லை. என்ன செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. எங்கே மாட்டியிருக்கிறாய் என்றுதான் ஒவ்வொருவரையும் கேட்டாள். "ஓம் அக்கா, பாட்டு முடிஞ்சுது. ஆனா ஏத்த ஏலாமல் கிடக்கு" என்றான் யாழ்ப்பாணத்துப் பையன். பதிவு செய்த எல்லாவற்றையும் ஒரே வேவ் கோப்பாக வைத்திருந்தான், பதினான்கு நிமிடம். சுருக்காத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், களஞ்சியம் இருக்கிற கிட்ஹப்போ 100 எம்.பி.யைத் தாண்டிய கோப்பை வாங்காது. துண்டு துண்டாக வெட்டி, ஆக் வடிவத்தில் சுருக்கி ஏற்றச் சொன்னதோடு தீர்ந்தது.

அடுத்தது தீரக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவர்கள் பயன்படுத்துவது கோடோ என்ற இலவசத் திறமூல எஞ்சின். அதில் ஒவ்வொரு சீனும், அதாவது திரைக்காட்சியும், எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படும். கோவைக்காரனும் திருச்சிக்காரனும் ஒரே நாளில் முதன்மைச் சீனைத் திருத்தியிருந்தார்கள். இரண்டையும் இணைத்தபோது, திருத்தங்களைச் சேர்க்கிற கிட் என்ற மென்பொருள் கோப்பின் நடுவே இடப்பக்கம் பார்த்த ஏழு அம்புக்குறிகளைப் போட்டு, 'இவற்றில் எது வேண்டும், நீயே சொல்' என்று நின்றுவிட்டது. அந்த நிலையில் சீன் திறக்கவே திறக்காது. இருவரும் வரி வரியாகப் பார்த்துச் சரிசெய்ய நாற்பது நிமிடம். பிறகு பலகை, புலி, ஆடு, வெட்டுக் கணக்கு என்று சீனை நாலாகப் பிரித்தார்கள். இனி எதைத் தொடுவதானாலும், 'நான் எடுக்கேன்' என்று முதலில் எழுதிவிட வேண்டும்.

காபியோடு அவளுடைய ஆச்சி மாடியேறி வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பில்டு கைப்பேசியில் இருந்தது. "ஆச்சி, ஒரு ஆட்டம் போடு" என்று நீட்டினாள். ஆச்சி ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஆறாவது ஆடு இறங்கியதும், தெரியாமல் விரல் பட்டு ஏற்கெனவே நின்ற ஓர் ஆடு நகர்ந்தது.

"ஏட்டி, இது என்ன ஆட்டம்? இன்னும் ஒம்போது ஆடு கைல இருக்கு, அதுக்குள்ள எறங்குன ஆடு நவுருது? பதினஞ்சும் எறங்குன பெறகுல்லா நவுத்தணும்!"

டிஸ்கார்டில் ஐந்து பேரும் அதைக் கேட்டார்கள். ஒரு நொடி அமைதி. பிறகு திருச்சிக்காரன், "அடப்பாவிகளா" என்றான். கணினிப் புலி ஏன் இப்படித் தோற்கிறது என்று மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஆபத்து வந்ததும் ஆடு நகர்ந்து தப்பிக்கிறது. புலி பாவம், என்ன செய்யும்? திருத்தம் நிரலில் ஒரே ஒரு நிபந்தனை வரி.

மறுநாள் பஸ் ஏறித் தூத்துக்குடி போனேன், படம் வரையும் பெண்ணைப் பார்க்க. திண்ணையோடு ஒட்டிய சின்ன அறை. புள்ளிப் படங்களாக விளையாட்டுக்கென்றே தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்திருந்தாள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு கட்டம். அழகாக இருந்தன. ஆனால் ஆட்டம் முடிந்ததும் வருகிற 'வெற்றி' என்ற சொல் மட்டும் திரையில் உடைந்து நின்றது. வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, பின்னால் போய் றகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. கணினியின் நினைவில் முதலில் வகரம், அதன் பிறகே கொம்பு. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்துருவுக்குள் எழுதிய விதிகளும் அவற்றைப் படிக்கிற எஞ்சினும் சேர்ந்து செய்கிற வேலை. 2023இல் வந்த கோடோ 4 அதைச் செய்யும். ஆனால் கட்டம் கட்டமாக வெட்டிய படங்களுக்கு விதி ஏது?

இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது நிரல் எழுதுபவர்கள் அல்ல. எழுத்து அட்டையில் இவளுக்குப் பின்னால் நின்ற பெயர் யாழ்ப்பாணத்துப் பையனுடையது. நிரல் தெரியாது, தமிழ் வாசிப்பான். "நிரல் எழுதறவங்க சரியா ஓடுதான்னு பார்த்தாங்க. அவன்தான் வாசிச்சுப் பார்த்தான்" என்றாள். தலைப்பையும் 'வெற்றி'யையும் முழுச்சொல் படங்களாக வரைந்துவிட்டு, மற்ற இடங்களுக்கு இலவச எழுத்துரு ஒன்றைப் போட்டுவிட்டார்கள்.

இரவு ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பில்டு வந்தது. தூத்துக்குடி அறையில் உட்கார்ந்து நான் ஆடுகளை எடுத்தேன். புலி இப்போது பொறுமையாக இருந்தது. மூலையில் தனியாக விட்டிருந்த என் ஆட்டை நான் மறந்த நேரம் பார்த்துத் தாவியது. ஐந்தாவது ஆடு போனதும் திரையில் 'வெற்றி' வந்தது, கொம்பு முன்னால் நிற்க. வெற்றி புலிக்கு.

கிளம்பும் முன், சனிக்கிழமையிலிருந்து மனசில் கிடந்த ஒன்றைக் கேட்டேன். அந்தக் காலண்டரில் நான் எண்ணிய நிறங்கள் ஐந்துதான். நடத்துகிறவளின் பரீட்சை அதில் இல்லை. ட்ரெல்லோவிலும் 'வாராந்திரக் கூட்டம், பில்டு' என்ற அட்டையில் மட்டும் ஒற்றைப் பெயர். உங்கள் அக்காவுக்குப் பின்னால் யார்?

அவள் பலகையைத் திறந்து அந்த அட்டையை எனக்கு நேராகத் திருப்பினாள். இரண்டாவதாக இவள் பெயர் இருந்தது; அன்று காலையில்தான் சேர்த்திருக்கிறாள்.

"அக்காவுக்கு வர்ற பதினெட்டாம் தேதி பரீட்சை சார். அவங்க காலேஜ்ல படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட கேட்டு வாங்கினேன்."