மலைகள் வகுத்த மழை

ஒரு நாட்டின் காலநிலையை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட முயல்வது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இந்தியாவினது காலநிலை அயனமண்டலப் பருவக்காற்றுக் காலநிலை என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெற்றவர்களுள் யானும் ஒருவன். அவ்வாக்கியம் பிழையானதன்று, ஆயினும், அந்நாட்டின் ஏதேனுமோர் ஊர்க் கிணற்றில் நீர் இருக்குமா என்பதை அதனைக் கொண்டு அறிதல் இயலாது. இந்தியா ஆண்டொன்றுக்குப் பெறும் சராசரி மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,160 மில்லிமீற்றர் என்பர். மேகாலய மாநிலத்து மௌசின்ராம் பெறுவதோ 11,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். இலடாக்கிலுள்ள லே நகரம் பெறுவது 100 மில்லிமீற்றர் அளவினதே. சராசரி மழை பெரும்பாலான ஊர்களிற் பெய்வதில்லை.

உலர்வலயத்திலே பிறந்து, ஆவணி மாதத்திற் கிணற்றுக் கயிறு நீள்வதைக் கண்டு வளர்ந்தமையால், மழையின் இவ்வேறுபாடு எனக்கு வெறும் பாடப்பொருளாக இருந்ததில்லை. நமது சிறு தீவையே மத்திய மலைநாடு ஈரவலயம், உலர்வலயம் எனப் பிரித்து வைக்குமாயின், இமயத்தை எல்லையாகக் கொண்ட பெருநாட்டில் மலைகள் எத்துணை வலிமை பெற்றிருத்தல் வேண்டும்!

இமயம் மத்திய ஆசியாவின் குளிர்காற்றைத் தடுத்து வடசமவெளியைக் காக்கின்றது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றையும் மறிக்கின்றது. அதனாலேயே அம்மலைக்கு அப்பால், ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லே, குளிர்ப்பாலை ஆயிற்று. எனினும், மலை இருந்தால் மட்டும் போதாது. அது கிடக்கும் திசையும் வேண்டும். இராசத்தானின் ஆரவல்லி, அரபிக்கடற் காற்று வீசும் திசைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாகக் கிடக்கின்றது. காற்று தடையின்றிக் கடந்துவிட, மேற்கே தார்ப் பாலைவனம் வறண்டு கிடக்கின்றது. 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அங்குள்ள பலோடியில் வெப்பநிலை 51 பாகை செல்சியசை எட்டியது.

இதற்கு மாறாக, மேற்கு மலைத்தொடர் தென்மேற் பருவக்காற்றைக் குறுக்கே நின்று எதிர்கொள்கின்றது. மேலெழும் காற்றுக் குளிர்ந்து, தன் ஈரத்தை மழையாகச் சொரிகின்றது. மலையைக் கடந்து கீழிறங்குங்கால் மீண்டும் வெப்பமடைந்து வறள்கின்றது. மலைமுகட்டிலுள்ள மகாபலேசுவரம் ஆண்டுதோறும் 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெற, நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலுள்ள பூனா 700 மில்லிமீற்றர் அளவே பெறுகின்றது. இதே மழைநிழலிற் கிடக்கும் தமிழகத்தின் கரையோரம், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகீழ்ப் பருவக்காற்றையே பெரிதும் நம்பி வாழ்கின்றது.

இவ்வேறுபாடு மனித வாழ்வில் என்ன செய்கின்றது என்பதை இலாத்தூர் நகரம் உணர்த்திற்று. மழைநிழலுக்குட்பட்ட மராத்வாடாவில், 2014, 2015ஆம் ஆண்டுகளில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 2016 ஏப்ரலில் மீரஜ் நகரிலிருந்து புகையிரதத்திலே குடிநீர் அனுப்பப்பட்டது. மீரஜ் அருகே பாயும் கிருட்டிணை நதி மகாபலேசுவரத்திலே பிறப்பது. காற்றினின்றும் மலை பறித்துக்கொண்ட நீரின் ஒரு சிறுபங்கை மனிதன் இருப்புப்பாதை வழியே மறுபுறத்தார்க்குத் திருப்பிக் கொடுத்தான் எனலாம். ஆனால், அத்தகைய நிலத்திலேதான் பெருநீர் வேண்டும் கரும்பு பரவலாகப் பயிரிடப்பட்டிருந்தது. மழை குறைந்தமை இயற்கையின் செயல். மழைநிழலிற் கரும்பை நட்டமை மனிதரின் தெரிவு.

மழை மிகுந்தவிடத்தும் இவ்வுண்மை பொய்க்கவில்லை. 1860 ஆகத்து முதல் 1861 யூலை வரையான பன்னிரு மாதங்களில் செராப்புஞ்சி 26,461 மில்லிமீற்றர் மழையைப் பெற்று உலக சாதனையை நிலைநாட்டியது. அவ்வூரிலேயே மாரி ஓய்ந்த குளிர்மாதங்களிற் குடிநீருக்குத் தட்டுப்பாடு நிலவுகின்றது. மண் அரிப்புண்ட செங்குத்தான சரிவில் மழைநீர் தங்குவதில்லை. விரைந்து பங்களாதேசத்தின் சமவெளியை அடைந்துவிடுகின்றது.

ஆகவே, மலைகள் மழையைப் பங்கிடுகின்றன. அப்பங்கு போதுமா என்பதை நிர்ணயிப்பதில் நமக்கும் பொறுப்புண்டு. ஒரு பெருநாட்டின் சராசரியை மட்டும் கையிற்கொண்டு பயிரையும் குளத்தையும் திட்டமிடுவோர், அச்சராசரி பெய்யாத ஊர்களில் வாழும் மக்களை மறந்தவராவர். புவியியல் கற்போர் அவர்களுக்கு முதலில் நினைவூட்ட வேண்டியது அவ்வூர்களின் பெயர்களையே.