சுண்ணாம்புக் கல்லும் காய்ச்சல் கணக்கும்

பத்துமலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது என்பதை நம் மாணவர் அறிவர். மருத்துவத் தரவை ஆராயும் கணித முறை ஒன்றுக்கும் 'சுண்ணாம்புக் கல்' என்றே பெயர் என்பதை அண்மையில்தான் நான் அறிந்தேன். அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஹோ தம் குழுவினருடன் 2014ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்.

நோயாளர், நோய், மருந்து என மூன்று திசையில் விரியும் எண்பெட்டியை டென்சர் என்பர். அதனைக் காரணிப்படுத்தினால், எந்நோயும் எம்மருந்தும் எவரிடத்தில் கூடி வருகின்றன என்பது சில கூறுகளாகப் பிரிந்து நிற்கும். ஆயினும், கூறு என்பது வெறும் எண்வரிசையே. 'நீரிழிவு: கழித்தல் இரண்டு' என்று அது காட்டினால் மருத்துவர் யாது செய்வார்? ஆகவே, இம்முறை கழித்தல் எண்களை விலக்குகிறது. மிகச் சிறிய எண்களை உதிர்த்துவிடுகிறது. எஞ்சி நிற்கும் சில நோய்களையும் மருந்துகளையும் நோக்கி, மருத்துவர் அக்கூறுக்குப் பொருள் காண்கிறார்.

இதன் அருமையை உணரக் கிள்ளானின் பழைய கணக்கு ஒன்று எனக்கு உதவிற்று. இடம், ஆண்டு, நோய் என அதற்கும் திசை மூன்று. கிள்ளான் நகரிலும், இன்றைய கிள்ளான் துறைமுகமாகிய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். டாக்டர் மால்கம் வாட்சனின் முயற்சியால் சதுப்பு நீர் வடிக்கப்பட்டபின், 1902இல் மாண்டோர் 59 பேர். வடிகால் அமையாத சுற்றுப்புறங்களில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. வியப்பு யாதெனில், 'பிற நோய்கள்' என்ற பத்தியிலும் 214 என்பது 85 ஆயிற்று. பிற பெயர்களுக்குள்ளும் மலேரியா மறைந்திருந்தது என்றே நான் இதனைப் படிக்கிறேன். மூன்று திசையையும் ஒருங்கே நோக்கியதால் அன்றோ அது புலப்பட்டது! அக்கால மலாயாவில் மலேரியாவுக்கு இரையான தோட்டத் தொழிலாளருள் தமிழர் பலர். நோயின் பெயர் தவறினால் மருந்தும் தவறும், உயிரும் போகும்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என நண்பர் ஒருவர் வினவினார். நூலுக்கு உரை வேண்டுவதுபோல் எண்ணுக்கும் உரை வேண்டும் என்றேன். நல்ல உரையாசிரியர் தாம் விரும்பிய பொருளை மூலத்தின்மேல் ஏற்றமாட்டார். மருத்துவருக்கும் அந்நெறி பொருந்தும். கூறுகளின் எண்ணிக்கையைச் சற்று மாற்றிக் கணித்தாலும், வேறொரு மருத்துவமனையின் பதிவேட்டில் தேடினாலும் அதே கூறு மீண்டும் வருகிறதா எனச் சோதித்த பின்னரே அதற்குப் பெயரிடுதல் வேண்டும். உயிர் காக்கும் கணக்குக்கு அந்தப் பொறுமை இன்றியமையாதது.