எல்லாவற்றுக்கும் ஆகிற ஸைக்கிள்

'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்று ஒன்றைப் பற்றிக் கடைக்காரர் சொன்னால் அது பாராட்டு. விமர்சகன் சொன்னால் ஏளனம். கவிதை, நாவல், சினிமா, அரசியல் என்று எல்லாவற்றிலும் கை வைக்கிறவரை நம் வட்டத்தில் யாரும் முழுசாக நம்புவதில்லை. ஒன்றிலேயே ஆழ்ந்து போகிறவன் கலைஞன், மற்றவன் உபயோகமானவன் என்று ஒரு பிரிவினை நம்மிடம் இருக்கிறது. நானும் அதை வைத்துக்கொண்டு பல மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். இந்தப் பிரிவினையைச் சற்று நிறுத்தி வைத்துப் பார்க்க எனக்குக் காரணமாக அமைந்தது ஒரு ஸைக்கிள்.

மூன்று வருஷங்களுக்கு முன் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகிற ஒருவரிடம் அதை வாங்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பந்தய ஸைக்கிள்: ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்து இறங்கும் ஹாண்டில்பார். கிட்டே வந்தால் சந்தேகம் வரும். டயரில் மண்ணைக் கவ்வும் முடிச்சுகள். சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சேறு அடைத்துக்கொள்ளாமலிருக்கத் தாராளமான இடைவெளி. பெடல் அச்சு சற்று உயரத்தில். கேபிள்கள் பாரின் அடியில் போகாமல் மேல்பக்கமாக ஓடுகின்றன. இந்த ஸைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், அப்போது அவை தோளை அறுக்கக் கூடாது. இந்த வகைக்கு ஸைக்கிளோக்ராஸ் என்று பெயர். "இது ரேஸ் ஸைக்கிளா, மலை ஏற்ற ஸைக்கிளா?" என்று பாங்கில் ஹெட் காஷியர் கேட்டார். ரெண்டும் என்றேன். "அப்போ ரெண்டும் இல்லே" என்றார். விமர்சனத்தில் அவர் நம்மில் பலரைவிடத் தேர்ந்தவர்.

இந்தப் பந்தயம் பிரான்ஸில் பிறந்தது. டேனியல் கௌஸோ என்ற சிப்பாய் 1902ல் அங்கே முதல் தேசியப் போட்டியை நடத்தினார். குளிர்காலத்தில், சேறான வயல்களிலும் காட்டுப் பாதைகளிலும், வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓட்டுவது. தார்ச்சாலைப் பந்தயக்காரர்கள் இதை முதலில் குளிர்காலப் பயிற்சியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆக்டேவ் லாபிஸ் 1910ல் தூர் தெ ஃபிரான்ஸை வென்றபோது இந்தப் பயிற்சிக்கும் அதில் பங்குண்டு என்று சொல்ல, இது பரவிற்று. 1950ல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியை வென்ற ழான் ரோபிக், 1947ல் தூர் தெ ஃபிரான்ஸை வென்றவர். இன்றைய விதிப்படி டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. தடைப்பலகைகளின் உயரம் 40 சென்டிமீட்டர் வரை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. மற்ற பந்தயங்களில் ஸைக்கிளை விட்டு இறங்கினால் தோல்வி. இங்கே இறங்குவது, தூக்குவது, மறுபடி ஏறுவது மூன்றும் பந்தயத்தைச் சேர்ந்தவை. எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாதவன்தான் பின்தங்குகிறான்.

தாம்பரத்தில் இதற்குச் சேறு தேட வேண்டியதில்லை, தடைக்கும் குறைவில்லை. நான் குடியிருப்பது மேற்கில், வேலை மேடவாக்கம் பக்கத்தில். நடுவே தண்டவாளம். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் இரண்டு கரைகளிலும் இரண்டு ஊர்கள் வளர்ந்துவிட்டன. வண்டிகள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. நான் தினமும் காலையில் ஸைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேம்பாலப் படிகளில் ஏறுகிறேன். காய்கறிக் கூடைக்காரர்கள், காலேஜ் பையன்கள், பூட்ஸ் கறுப்பாகப் பளபளக்கும் விமானப்படை ஆட்கள் எல்லாரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள். உடைந்ததைத்தான் ஒருவன் இப்படித் தூக்கிக்கொண்டு போவான் என்று அவர்கள் இரக்கப்படுவது தெரிகிறது.

மறுபக்கம் இறங்கினால் வேளச்சேரி சாலை. ஸேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம். பஸ்களுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவே இந்தச் சாலையில் அரை மணி ஓட்டுகிறவனுக்கு நவீனத்துவம் பற்றித் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. முடிகிற இடங்களில் நான் தாரை விட்டு விலகி ஏரிக்கரைக்குப் போய்விடுகிறேன். கருவேலம் முள், உடைந்த கான்கிரீட், எருமைத் தடம், நடுவில் அகலம் ஒரு முழம் இருக்கிற ஒற்றையடிப் பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் தெற்கே, அகரம்தென், பொன்மார் என்று எஞ்சியிருக்கும் வரப்புகளைத் தேடிப் போகிறேன்.

இப்படிப் போனதில் ஒன்று தெரிந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது பெடல் லேசாக இருக்கும். மாலையில் திரும்பும்போது கனக்கும். முதலில் அலுப்பு என்று நினைத்தால் ஞாயிறன்றும் அப்படித்தான். அது நிலத்தின் சரிவு. சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று ஏரிகள் ஒன்றுக்கொன்று தண்ணீரைக் கைமாற்றிக்கொள்ளும் சங்கிலி இது. பள்ளிக்கரணை 2022ல் ராம்ஸர் பட்டியலில் சேர்ந்தது. காலையில் நான் தண்ணீர் போகிற திசையில் போகிறேன், மாலையில் அதற்கு எதிராக வருகிறேன். காரில் போகிறவனுக்கு இந்தப் பிரதேசம் தட்டை. கால் முட்டி மட்டும் தட்டை இல்லை என்கிறது.

பாங்கில் எனக்கு வீட்டுக் கடன் பிரிவு. என் மேஜைக்கு வரும் கட்டுகளில் பட்டா இருக்கும், வில்லங்கச் சான்று இருக்கும், மதிப்பீட்டாளர் அறிக்கை இருக்கும். பத்திரத்தில் சொத்துக்கு நான்கு எல்லைகள் எழுதியிருக்கும்: இன்னாருடைய மனைக்குத் தெற்கு, இருபதடி ரோட்டுக்கு மேற்கு. மேல், கீழ் என்று எல்லை கிடையாது. ஏரியிலிருந்து அந்த மனை எத்தனை அடி உயரம் என்பதற்கு எந்தப் படிவத்திலும் நான் ஒரு கட்டம் கண்டதில்லை. 2015 டிஸம்பர் முதல் வாரத்தில் அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தபோது அது நான்கு எல்லைகளில் எதன் வழியாகவும் வரவில்லை. படிவத்தில் இல்லாத ஐந்தாவது எல்லை வழியாக வந்தது.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். அவர் வாங்கவிருந்த மனை இருக்கும் பாதையில் நான் பல தடவை ஸைக்கிளைத் தோளில் தூக்கியிருக்கிறேன். இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விலை விழுந்தால் நஷ்டம் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவர்களுக்குத்தான். காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அபிப்பிராயம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே ஒரு மழை நாள்லே அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாங்க ஸார்" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் மேஜையையே பார்த்தார். "பாத்துட்டேன் ஸார். முழங்கால் வரைக்கும் நிக்குது. நிக்காத எடத்தை என் சம்பளத்துக்கு யார் தருவா?" என்றார்.

இந்தப் பதிலுக்கு நான் படித்த எந்த விமர்சனக் கொள்கையிலும் இடமில்லை. நான் சேற்றில் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை விருப்பம். அவர் இறங்கப் போவது இருபது வருஷத் தவணை. நிலம் ஒன்றுதான். தேர்வு என்ற சொல் எனக்கு ஒரு அர்த்தத்தையும் அவருக்கு இன்னொரு அர்த்தத்தையும் தருகிறது.

அதற்குப் பிறகுதான் எங்கள் கிளை வாசலில் என் ஸைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டியைச் சரியாகப் பார்த்தேன். காவலாளி அண்ணனுடைய ஹெர்குலிஸ். 1949ல் முருகப்பா குழுமமும் பிரிட்டிஷ் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, அம்பத்தூர்த் தொழிற்சாலை. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், அதாவது 38 மில்லிமீட்டர். ஸைக்கிளோக்ராஸ் போட்டியில் இந்த டயரை அகலம் அதிகம் என்று நிராகரித்துவிடுவார்கள். எடை சுமார் 20 கிலோ. என்னுடையதைப் போல் இரண்டு மடங்கு. கியர் கிடையாது. அவர் விடிகாலையில் மாடம்பாக்கம் பக்கம் வரப்பில் போய் மாட்டுக்குப் புல் அறுத்துக் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறார், பேத்தியை முன்னால் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு தார்ச்சாலையில் வேலைக்கு வருகிறார். என் ஸைக்கிளை ஒருநாள் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஸார். கேரியர் எங்கே?" என்றார். "கிடையாது அண்ணே" என்றேன். "அப்போ எதுக்கு ஆகும்?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பல்லாவரம் வழியாகப் போகும்போது எனக்கு 1863 ஞாபகம் வரும். அந்த வருஷம் மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே செம்பூராங்கல் சரளையிலிருந்து பழைய கற்காலக் கருவி ஒன்றை எடுத்தார். அறிஞர்கள் கைக்கோடரி என்று வகைப்படுத்தும் இனத்தின் விசேஷம், அது எதற்கு என்று ஒரே பதில் சொல்ல முடியாது என்பதே. வெட்ட, தோண்ட, தோலைச் சுரண்ட. வடிவம் கச்சிதமானது, உபயோகம் பல. பல காரியங்களுக்கு ஆவதால் ஒன்று வடிவம் கெட்டுப் போக வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊர் மண்ணிலேயே சாட்சியம் இருக்கிறது.

இதை எழுத்துக்குக் கொண்டு வருவதில் அபாயம் உண்டு. தெரிந்தே கொண்டு வருகிறேன். நாம் ஒரு பந்தய ஸைக்கிள் உரைநடையைச் செய்திருக்கிறோம். மழமழப்பான பரப்பில் அது வேகமாகப் போகும். ஒரு கவிதையின் படிமத்தைப் பற்றி நான்கு பக்கம் இடறாமல் ஓடும். அந்த ஆசிரியரின் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அது நின்றுவிடுகிறது, இறங்கத் தெரியவில்லை. சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து'வைத் தொடங்கி, பிறகு புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார். அதைத் தியாகம் என்று சொல்லிச் சொல்லி நாம் அதன் பொருளைக் குறைத்துவிட்டோம். பாதை இல்லாத இடத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவர் செய்த விமர்சனத்தில் சேர்ந்தது என்றே எனக்குப் படுகிறது.

எனவே, இது எல்லாவற்றுக்கும் ஆகுமா என்பதற்குப் பதிலாக, எது எதற்கு ஆக வேண்டியிருந்தது, யாருடைய நிர்ப்பந்தத்தால் என்று கேட்கலாம். காவலாளி அண்ணனின் ஸைக்கிள் அவர் வாழ்க்கை கேட்டதால் அப்படி ஆனது. என்னுடையது நான் காசு கொடுத்ததால் அப்படி ஆனது. இரண்டையும் ஒரே சொல்லால் பாராட்டுகிற விமர்சனம் சோம்பல். என் சம்பளத்துக்கு இது அதிகப்படி என்று வீட்டில் சொல்கிறார்கள்; சரிதான். இருந்தாலும் விற்கப் போவதில்லை. போன வாரம் கேரியர் மாட்ட முடியுமா என்று கேம்ப் ரோட்டில் ஒரு ஸைக்கிள் கடையில் விசாரித்தேன். ஃப்ரேமில் அதற்கான ஓட்டை இல்லை, கிளாம்ப் போட்டுக் கட்டலாம், பார்க்க நன்றாக இருக்காது என்றார் மெக்கானிக். போடச் சொல்லியிருக்கிறேன்.