சொந்த ஊர் மேட்ச்... 1,750 கி.மீ. தள்ளி!

டொரான்டோவுக்குப் போறவங்க முதல்ல சி.என். டவர்ல ஏறுவாங்க. அடுத்து பஸ் பிடிச்சு நயாகரா. நான் போனது ஒரு சுவரைப் பார்க்க. ஆமா பாஸ், வெறும் சுவர்!

நான் தங்கியிருந்தது ஸ்கார்பரோவில், யாழ்ப்பாணத்திலிருந்து போய் செட்டிலான ஒரு குடும்பத்தோட வீட்டில். பிட்டும் சம்பலும் கட்டிட்டு, அந்த வீட்டுத் தம்பி என்னைக் கிளப்பிவிட்டான். காலேஜ் படிக்கிற பையன். பிறந்தது கனடா, பேசுறது அப்பா-அம்மாவோட தமிழ். பஸ், சப்வேன்னு மாறி மாறி ஒரு மணி நேரம். யூனியன் ஸ்டேஷன்ல இறங்கி வெளியே வந்தா மைனஸ் பத்து டிகிரி குளிர். காது இருக்கா, கழண்டு விழுந்துடுச்சான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

"இதுதான் அண்ணா. இதில்தான் நாங்கள் நிண்டனாங்கள்" என்று ஒரு கட்டடத்தோட மேற்குப் பக்கத்தைக் காட்டினான். பிரம்மாண்டமான வீடியோ திரை மாட்டிய சுவர். கீழே ஒரு சதுக்கம்.

அந்தக் கட்டடம்தான் ஸ்கோஷியாபேங்க் அரீனா. 1999-ல் திறந்தது. ஒரு பழைய தபால் கட்டடத்தோட முகப்பை இடிக்காம, அதை ஒட்டியே கட்டியிருக்காங்க. டொரான்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து டீமுக்கு இதுதான் வீடு. என்.பி.ஏ.வில் இருக்கிற 30 டீம்ல அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறது இது ஒண்ணுதான். ராப்டர்னா டைனோசர் வகை. அதனால இந்தச் சதுக்கத்துக்கு ரசிகர்கள் வெச்ச பேரு 'ஜுராசிக் பார்க்'. உள்ளே போக டிக்கெட் கிடைக்காதவங்க, டிக்கெட் வாங்க காசில்லாதவங்க எல்லாரும் வெளியே நின்னு திரையில் மேட்ச் பார்ப்பாங்க. மழையாவது குளிராவது!

நாலு தடவை துள்ளிய பந்து

2019 மே 12. பிலடெல்பியாவோட ஏழாவது மேட்ச். ஸ்கோர் சமம். கடைசி நொடியில் கவாய் லெனர்ட் மூலையிலிருந்து எறிஞ்ச பந்து, வளையத்தில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு தடவை துள்ளிட்டு உள்ளே விழுந்தது. 92-90. உள்ளே இருந்தவங்களும் வெளியே இருந்தவங்களும் ஒரே நேரத்தில் கத்தினா எப்படி இருக்கும்? அடுத்த மாசம் ஜூன் 13-ம் தேதி கோப்பையும் கையில். கனடா டீம் ஒண்ணு என்.பி.ஏ. சாம்பியன் ஆனது அதுதான் முதல் முறை.

"அண்டைக்கு முன்பின் தெரியாத ஆக்களை எல்லாம் கட்டிப்பிடிச்சனான்" என்றான் தம்பி. கட்டிப்பிடிக்கிறதே குத்தம்னு ஒரு காலம் வரும்னு அப்ப யாருக்குத் தெரியும்?

நின்னு போன சீசன்

2020 மார்ச் 9. ராப்டர்ஸ் யூடா போய் ஜாஸ் டீமை 101-92ன்னு ஜெயிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு, அதே ஜாஸ் டீம் ஓக்லஹோமாவில் ஆட வேண்டியது. ஆட்டம் தொடங்கப்போற நேரத்தில் டீம் ஆட்களை உள்ளே அனுப்பிட்டாங்க. ரசிகர்கள் ஒண்ணும் புரியாம உட்கார்ந்திருக்க, மேட்ச் தள்ளிவைப்புன்னு அறிவிப்பு. ஜாஸ் வீரர் ரூடி கோபேருக்கு கொரோனா. அன்னிக்கு ராத்திரியே மொத்த சீசனும் ஸ்டாப்! அவரோட ரெண்டு நாள் முன்னாடி ஆடின ராப்டர்ஸ் 14 நாள் தனிமையில்.

நம்ம தம்பி வீட்டிலும் ஒரு இடி. அவன் அப்பா 25 வருஷமா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். அரீனாவுக்குள்ளே ஒரு தடவைகூடப் போனதில்லை. மகனுக்காக மிச்சம் பிடிச்சு, மார்ச் கடைசி மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கி வெச்சிருந்தார். காசு திரும்ப வந்துடுச்சு. மேட்ச் வரலை.

அரீனாவும் சும்மா இல்லை. அந்த ஏப்ரலில் அதைப் பெரிய சமையல்கூடமா மாத்தி, மருத்துவப் பணியாளர்களுக்கும் தேவைப்பட்டவங்களுக்கும் சாப்பாடு சமைச்சாங்க.

ஜூலை 30-ல் சீசன் மறுபடி ஆரம்பிச்சது. 22 டீமையும் ஃப்ளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள்ளே அடைச்சு, வெளியாள் யாரும் நுழையாம ஆடினாங்க. ரசிகர்கள் வீட்டிலிருந்தபடி மைதானத்து வீடியோ திரையில் முகமா மட்டும் தெரிஞ்சாங்க. செப்டம்பர் 3-ம் தேதி பாஸ்டனோட மேட்ச். அரை நொடி பாக்கி. ஓ.ஜி. அனுனோபி எறிஞ்ச பந்து உள்ளே. ஒரு பாயின்ட்ல வெற்றி! ஒரு வருஷம் முன்னாடின்னா ஜுராசிக் பார்க் அதிர்ந்திருக்கும். "நான் கத்தினதுக்கு அம்மா வந்து என்ன நடந்ததெண்டு கேட்டவா. அவ்வளவுதான்."

வாடகை வீடு

அடுத்த சீசன் இன்னும் கொடுமை. மத்த 29 டீமும் அமெரிக்காவில். எல்லை தாண்டி வந்தா தனிமைப்படுத்தல். இதில் எப்படி மேட்ச் நடத்துறது? ராப்டர்ஸ் பெட்டியைக் கட்டி ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்குப் போயிட்டாங்க. டொரான்டோவிலிருந்து சுமார் 1,750 கி.மீ. 'ஹோம் மேட்ச்'னு பேரு... ஆனா ஆரம்பத்தில் கொஞ்சம் பேரைத்தான் விட்டாங்க. வந்தவங்கள்லயும் பல பேர் எதிர் டீமுக்குக் கை தட்டினாங்க! 27 வெற்றி, 45 தோல்வி. ரெண்டு வருஷம் முன்னாடி சாம்பியனான டீம், பிளே-ஆஃபுக்கே போகலை.

அதைவிட வலி வேறொண்ணு. ஒன்பது சீசன் ராப்டர்ஸுக்கு ஆடின கைல் லௌரி, 2021 ஆகஸ்ட்டில் மயாமி டீமுக்கு மாறிட்டார். ராப்டர்ஸ் ஜெர்ஸியில் அவர் டொரான்டோவில் ஆடுறதை 2020 பிப்ரவரிக்கு அப்புறம் யாரும் பார்க்கவே இல்லை. போயிட்டு வாங்கன்னு சொல்லக்கூட வாய்ப்பில்லை.

2020 பிப்ரவரி 28-ல் டொரான்டோவில் ஆடிய ராப்டர்ஸ், அங்கே அடுத்த சீசன் மேட்ச் ஆடினது 2021 அக்டோபர் 20-ல். விரல்விட்டு எண்ணினா சரியா 600 நாள்! அதுவும் நிலைக்கலை. ஒமைக்ரான் வந்து, 2022 ஜனவரியில் மறுபடியும் காலி நாற்காலிகளுக்கு முன்னாடி ஆட்டம். மார்ச்சில்தான் கட்டுப்பாடு நீங்குச்சு.

அப்பா பார்த்த மேட்ச்

2022 ஏப்ரல் 3. மயாமி டீமோட லௌரி டொரான்டோவுக்கு வர்றார். தம்பி இந்தத் தடவை தன் பார்ட்-டைம் வேலைக் காசில் ரெண்டு டிக்கெட் எடுத்தான். அப்பாவையும் கூட்டிட்டுப் போனான். திரையில் லௌரியோட பழைய ஆட்டங்களை ஓட்ட, மொத்த அரங்கும் எழுந்து நின்னு கை தட்டுது. எதிர் டீம் ஆளுக்கு! கூடைப்பந்து ரூல் ஒண்ணுகூடத் தெரியாத அப்பாவும் எழுந்து நின்னாராம்.

"இவர்தானோ அந்த ஆள்? கட்டையா இருக்கிறார்!" லௌரி ஆறடி. அந்த உலகத்தில் அது குள்ளம்தான்.

"மேட்ச் என்ன ஆச்சு?" என்றேன்.

"தோத்திட்டம். 114-109. அப்பாவுக்கு அது விளங்கேல்லை. ஆனா வீட்டுக்கு வரும் வரைக்கும் கை தட்டினதையே கதைச்சுக்கொண்டு வந்தவர்."

திரையில் அன்னிக்கு விளம்பரம்தான் ஓடிட்டு இருந்தது. குளிரில் சதுக்கத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. தம்பி ஒரு இடத்தில் போய் நின்னான். 2019-ல் அவன் நின்ன இடமாம். பிட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சோம். ஆறிப்போயிருந்தது. அங்கேயே நின்னு சாப்பிட்டோம்.