மண்ணைக் கேட்டுச் செடி வை

குன்னூர்ச் சரிவில் நான் போன தேயிலை நர்சரியில் செடிக்கு முன்பே மண்ணுக்குத்தான் தேர்வு நடக்கிறது. சாக்கு விரித்து உட்கார்ந்த பெண்கள், சலித்த செம்மண்ணில் மணல் கலந்து பாலித்தீன் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மண்ணில் களைவிதையும் நூற்புழுவும் இருக்கும் என்பதால் அடிமண்ணைத்தான் எடுக்கிறார்கள்.

தேயிலைக்கு மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் கொண்டாட்டம். 7 என்பது நடுநிலை. எண் அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போனதால் நீலகிரி மண் இயல்பிலேயே அமில மண்.

போத்து வெட்டும் அம்மா, 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர். போத்து என்றால் ஓர் இலை, அதன் கீழே விரற்கடை நீளத் தண்டு. அடியைச் சாய்வாகச் சீவி, பையில் ஊன்றி, கட்டைவிரலால் சுற்றி அழுத்துகிறார்.

"இலை மண்ணுல படக் கூடாது தம்பி, அழுகிரும். வேர் பிடிக்க மூணு மாசம் ஆகும். மண்ணுல சுண்ணாம்பு இருந்தா அடியில முண்டுதான் கட்டும், வேர் இறங்காது."

பக்கத்துப் பாத்திகளில் அசேலியா, கமேலியா, ஹைட்ராஞ்சியா. எல்லாம் அமில மண்ணை விரும்புபவை. சோலைக்காட்டு ஓரங்களில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசும் இந்த அசேலியாவின் சொந்தம்தான். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகிவிடும். நீலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிப்போகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

சமவெளியில் இந்தப் பாடத்தைச் சொல்லித்தருவது இட்லிப்பூச் செடி. செம்மண்ணில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் அது, சுண்ணாம்பு கலந்த கரிசலில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாததுதான் காரணம். இரும்புச்சத்துள்ள அன்னபேதிக் கரைசல் தெளித்தால் சில வாரம் பச்சை திரும்பும். மண் மாறாததால் மறுபடி வெளுக்கும். உப்புத்தண்ணீர் போர்வெல்லும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

செடி வாங்கும் முன் ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். அதில் அரளி செழிக்கும். அசேலியாவையும் கமேலியாவையும் மறந்துவிடுங்கள். நுரைக்காவிட்டாலும் அமில மண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அரை கிலோ மண்ணை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அளவைத் தெரிந்துகொண்ட பிறகு நர்சரிக்குப் போங்கள். செடிக்காக மண்ணை மாற்றுவது ஓயாத செலவு. மண்ணுக்கேற்ற செடியை வைப்பதே லாபம்.