நான்கு மாதத் தலைவர்

“நான்கே மாதத்திற்கு ஒரு தலைவரா?”

2025 மார்ச் மாதம், கிள்ளானில் நான் தொழிற்பயிற்சி பெற்ற நிறுவனத்தில் எல்லார் வாயிலும் இருந்த கேள்வி இதுதான். அது துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிச் செல்லும் நடுத்தர நிறுவனம். அதன் தொழில்நுட்பத் தலைவர் எட்டு ஆண்டுகளாகத் தனியொருவராக அனைத்தையும் பார்த்து வந்தவர். வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போன பிறகுதான் தெரிந்தது, கடவுச்சொற்களில் பாதி அவரோடு போய்விட்டன என்று.

அந்த நேரம் பார்த்து இன்னொரு நெருக்கடி. மலேசியாவில் மின்-விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1 தொடங்கி கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. முதலில் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள். 2025 ஜனவரி 1 முதல் 25 மில்லியனைத் தாண்டியவை. அவ்வாண்டு ஜூலை 1 முதல் 5 மில்லியனைத் தாண்டியவை. நாங்கள் இந்த மூன்றாம் கட்டத்தில் இருந்தோம். எங்கள் பழைய கணக்கு மென்பொருளோ உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அமைப்போடு பேசத் தெரியாதது.

நிரந்தரமாக ஒருவரைத் தேடலாம். ஆனால், இத்தகைய பதவியில் இருப்பவர்கள் பழைய இடத்தில் இரண்டு மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் வர முடியும். அதற்குள் ஜூலை கடந்துவிடும். ஆகவேதான் தற்காலிகத் தலைவர். வாரத்தில் மூன்று நாள் வேலை, நாள் கணக்கில் சம்பளம். “தோட்டத்தில்தான் நாள் கூலி என்று நினைத்தேன், அதிகாரிக்குமா?” என்று முதலாளி முணுமுணுத்தார். தொகையும் மாதச் சம்பளக்காரரை விடக் கூடுதல்தான்.

நேர்முகத் தேர்வுக்கு இருவர் வந்தனர். “தம்பி, இங்கே கணினி படித்தவன் நீ ஒருவன்தான். நீயும் உட்கார்ந்து புள்ளி போடு,” என்றார் முதலாளி. இருபத்திரண்டு வயதில் பிறருக்குப் புள்ளி போடும் வாய்ப்பு! நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

முதலில் வந்தவரின் ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது. பழைய மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவேன், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வருவேன் என்றார். பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அடுத்து வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். தமிழர். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசினார். பாதியில் மலாய்க்குத் தாவினார். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. நான்கு கேள்விகள் மட்டும் கேட்டார். நிறுவனத்தின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தரவுகளின் காப்பு நகலை யாராவது ஒருமுறையேனும் திறந்து மீட்டுப் பார்த்ததுண்டா? நான்கு மாத முடிவில் எது நடந்திருந்தால் வேலை முடிந்தது என்பீர்கள்? நான் போன பிறகு இதை யார் பார்ப்பார்?

நான் ஐந்து போட்டேன். பக்கத்தில் “மொழியாற்றல் குறைவு” என்று எழுதியும் வைத்தேன்.

தாளைப் பார்த்த முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்த அம்மா கேட்ட நாலு கேள்வியில் ஒன்றுக்காவது உனக்குப் பதில் தெரியுமா?”

தெரியாது. ஆறு வாரம் அங்கே இருந்தும் தெரியாது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம் நினைவுக்கு வந்தது. அறிவியல் வகுப்பில், செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்று ஆசிரியர் மலாயில் கேட்டார். ஒளிச்சேர்க்கை என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது. மலாய்ச் சொல் வரவில்லை. எழுந்து நின்றவன் அப்படியே உட்கார்ந்தேன். தெரியாதவன் என்று வகுப்பு முடிவு கட்டியது. அதே முடிவைத்தான் நான் இன்னொருவர் மீது கட்டியிருந்தேன். திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒருவரை ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பது பற்றியது. மனனம் செய்திருக்கிறேன். மேசையில் புள்ளித்தாள் இருந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

முதலாளி அம்மையாரையே நியமித்தார். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதச் சொன்னவரும் அவரே. செய்ய வேண்டிய வேலை எது என்பது ஒன்று. எவ்வளவு தொகை வரை தாமே முடிவெடுக்கலாம் என்பது இன்னொன்று. கடைசி இரண்டு வாரம் ஒப்படைப்புக்கு மட்டுமே என்பது மூன்றாவது. அதிகாரம் இல்லாத தற்காலிகத் தலைவர் வெறும் விருந்தாளி என்பார்.

முதல் வாரத்தில் எல்லாக் கணக்குகளையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினார். காப்பு நகலைத் திறந்து பார்த்தோம்; இரண்டு மாதமாக வெறும் காலிக் கோப்புகள் சேர்ந்திருந்தன! பழைய மென்பொருளை அவர் தூக்கி எறியவில்லை. அதிலிருந்து விலைப்பட்டியலை வாரியத்திற்கு அனுப்பும் ஒரு சிறு இணைப்பை மட்டும் செய்ய வைத்தார். காரணம் கேட்டேன். “நான் போகிறவள். திரும்பப் பெற முடியாத முடிவை, இங்கே இருக்கப் போகிறவர்தான் எடுக்க வேண்டும்.”

ஜூலை 1 பெரிய சிக்கலின்றிக் கடந்தது. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் விடுப்பு எடுத்து, கைப்பேசியையும் அணைத்துவிட்டார். அன்று காலையிலேயே இணைப்பு நின்றுபோனது. எனக்குக் கை நடுங்கியது. அவர் எழுத வைத்த ஒப்படைப்புக் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு படியாகச் செய்தேன். பதினோரு மணிக்கு விலைப்பட்டியல்கள் போகத் தொடங்கின. திங்களன்று வந்தவர், “சிக்கல் வந்ததா? குறிப்பேடு போதுமானதாக இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். அது அவர் தமக்கே வைத்துக்கொண்ட தேர்வு.

நண்பர்களே, நம் கழகச் செயலவையினரும் ஓராண்டுத் தலைவர்கள்தாமே? ஒவ்வோர் ஆண்டும் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தேடி, ஆதரவாளர் பட்டியலைத் தேடி, நாம் முதலிலிருந்து தொடங்குகிறோம். வரும் தேர்தலில் மேடையில் நன்றாகப் பேசுபவருக்குக் கைதட்டுவோம், தவறில்லை. ஆனால், “நான் போன பிறகு இதை யார் பார்ப்பார்?” என்று கேட்பவர் யாரேனும் இருந்தால், அவர் தயங்கித் தயங்கிப் பேசினாலும், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் ஐந்து புள்ளி போட்ட அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.