புளிப்பில்லாத மசாலாக் கேக் எதற்கு?

ஓசூர் பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் இன்றும் பெங்களூரு ஐயங்கார் பேக்கரிகளின் கைதான் தெரிகிறது. 1898இல் சிக்பேட்டையில் திருமலாச்சார் தொடங்கிய கடை அந்த மரபில் மூத்தது. பாகில் ஊறி, ஜாமும் தேங்காய்த் துருவலும் ஏற்ற ஹனி கேக் ஃபிரிட்ஜைக் கேட்பதில்லை. சிப்காட்டை ஒட்டிய குடியிருப்புகளில், வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கும் பெண்கள் செய்யும் மசாலாக் கேக்கின் வழி வேறு. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, வெல்லம், துருவிய கேரட். மேலே க்ரீம் சீஸ். மலிவு என்று இந்த மேல்பூச்சை விட்டு விப்பிங் க்ரீமுக்கு மாறினால் கேக்கே கெட்டது என்பது என் கட்சி. வெல்லமும் மசாலாவும் சேர்ந்த ஸ்பாஞ்சு ஏற்கெனவே கனத்த இனிப்பு. அதன்மேல் தாவரக் கொழுப்பும் சர்க்கரையுமான க்ரீமை அப்பினால் கிராம்பையும் ஜாதிக்காயையும் தேடத்தான் வேண்டும். பால் புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலமும் கொஞ்சம் உப்பும் க்ரீம் சீஸில் உண்டு; அவை இனிப்பை அடக்குவதால் மசாலா தெரிகிறது. மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு புளிப்பு சேர்வது போலத்தான். மாம்பழ மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். சீஸில் நேராகச் சர்க்கரையைக் கொட்டி பீட்டரை ஓட்டினால், சர்க்கரை சீஸின் நீரை இழுத்துக் கலவை இளகிவிடும். மேலும் அடித்தால் மேலும் இளகும். கை பழகியவர்கள் வெண்ணெயையும் ஐசிங் சுகரையும் முதலில் வெளுக்க அடித்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீஸைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, கட்டி மறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பூச்சுக்குக் குளிர் கட்டாயம் என்பதால் ஸ்பாஞ்சும் அதற்கேற்ப மாற வேண்டும். வெண்ணெய் போட்ட ஸ்பாஞ்சு ஃபிரிட்ஜில் இறுகும்; சூரியகாந்தி எண்ணெய் ஊற்றியது மெத்தென்றே இருக்கும். ஊரின் உயரமும் கணக்கில் வரும். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் மாவு சீக்கிரம் உப்பும், நடுவில் அமுங்கவும் செய்யும். யூடியூப் அளவில் சோடா போடுகிறவர்கள் ஒரு சிட்டிகை குறைத்துப் பார்க்கலாம்.

வெயிலில் இது நிற்காதே என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தப் பக்கத்து வெயில்? பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கேக் மேட்டு நிலத்திலேயே பயணம் செய்கிறது. சூளகிரி வழியே கிருஷ்ணகிரிக்குப் போவது 50 கிலோமீட்டரில் 300 மீட்டருக்கு மேல் கீழிறங்கி, சூட்டுக்குள் நுழைகிறது. சித்திரையில் அந்தப் பக்கம் விடியற்காலையில் ஐஸ் பையோடு அனுப்ப வேண்டும், இல்லையேல் ஆர்டரே எடுக்கக் கூடாது. அதற்காக வருடம் முழுவதும் விப்பிங் க்ரீமிடம் சரணடைவது சோம்பேறித்தனம். விலை என்ற தடை இதைவிடப் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் சீஸ் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தும் அது வீட்டுத் தொழிலுக்கு விலை உயர்ந்த சரக்குதான். கட்டுப்படியாகாதவர்களுக்குத் தயிர் இருக்கிறது: கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் நீர் வடித்தால் புளிப்பு கிடைத்துவிடும். கொழுப்பு குறைவு என்பதால் அதில் பூ வேலை நிற்காது, மெல்லிய பூச்சுக்குப் போதும். பூ இல்லாத பிறந்தநாள் கேக்கை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். ரோஜா விளைந்து ஏற்றுமதியாகும் ஊரில் க்ரீம் ரோஜாவுக்கு ஏன் இத்தனை ஏக்கம் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிஃப்ட் முடிந்துதான் வாங்க வருவீர்கள் என்றால் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் கேக்கை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.